மூச்சு விடும் பெட்டிகள்

உலகத்துக்கே பொதுவான விரல் ஒன்று இருக்கிறது. உலோகத்தால் செய்தது. 12 மி.மீ. பருமன், 80 மி.மீ. நீளம், இரண்டு மூட்டுகள். மின்சாதனங்களைச் சோதிக்கும் கூடம் சென்னையில் இருந்தாலும் சியோலில் இருந்தாலும், இதே அளவில் இந்த விரல் அங்கே இருந்தாக வேண்டும். சோதிப்பவர் அதைப் பெட்டியின் ஒவ்வொரு சந்திலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு ஈடான விசையோடு அழுத்துவார். மூட்டை மடக்கி இப்படியும் அப்படியும் துழாவுவார். விரலோடு ஒரு சிறு விளக்கு 40 முதல் 50 வோல்ட் மின்சுற்றில் கோக்கப்பட்டிருக்கும். விளக்கு எரிந்தால், உள்ளே மின்சாரம் பாயும் பாகத்தை விரல் தொட்டுவிட்டது என்று பொருள். சந்து கண்ட இடத்தில் விரலை விடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, அவர்கள் சார்பில் வேலை செய்கிறது இந்த உலோக விரல்.

அந்தச் சோதனையில் தேறிய பெட்டிக்குக் கிடைக்கும் எண் 2. வீட்டு சார்ஜரில் பொடி எழுத்தில் ஐபி 20 என்று இருக்கிறதே, அதன் முதல் இலக்கம் அதுதான். கீசரில் ஐபிஎக்ஸ்4, மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஐபி 55, தெருவிளக்கில் ஐபி 66, செல்போன் விளம்பரத்தில் ஐபி 68 என்று நம்மைச் சுற்றி இந்த எண்கள் நிறையவே கிடக்கின்றன. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1976இல் வெளியிட்ட தரநிலையிலிருந்து வந்த குறியீடு இது. இன்று அதன் எண் ஐ.இ.சி. 60529. இந்தியத் தர அமைவனமும் அதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 72.5 கிலோவோல்ட் வரையிலான சாதனங்களின் உறைகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஐபி 65ஐ ‘அறுபத்தஞ்சு’ என்று சொல்வது கடையிலும் வழக்கம், எலக்ட்ரீஷியனிடமும் வழக்கம். பேச்சுக்கு வசதிதான். ஆனால் அங்கே இருப்பது இரண்டு தனித்தனித் தேர்வுகளின் முடிவு. முதல் இலக்கம் திடப்பொருளுக்கு, 0 முதல் 6 வரை. இரண்டாவது தண்ணீருக்கு, 0 முதல் 9 வரை. இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் என்று இருந்தால் அந்தத் தேர்வின் முடிவு சொல்லப்படவில்லை என்று பொருள். அதைப் பூஜ்யம் என்று படிக்கக் கூடாது. ஐபிஎக்ஸ்7 என்று அச்சிட்ட ப்ளூடூத் ஸ்பீக்கர் தூசியை எப்படித் தாங்கும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

முதல் இலக்கம் ஒரே நேரத்தில் இரண்டு காவல் வேலைகளைப் பார்க்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகும் பொருளைத் தடுப்பது ஒன்று, உள்ளே இருக்கும் மின்சாரத்திடமிருந்து நம்மைக் காப்பது இன்னொன்று. 50 மி.மீ. உருண்டை நுழையாவிட்டால் 1, அதாவது புறங்கை படாது. விரலும் 12.5 மி.மீ. உருண்டையும் தோற்றால் 2. 2.5 மி.மீ. கம்பி நுழையாவிட்டால் 3, ஸ்க்ரூடிரைவருக்கு இடமில்லை. 1 மி.மீ. கம்பிக்கும் வழியில்லை என்றால் 4. சிற்றெறும்பு அந்த ஒரு மில்லிமீட்டரிலும் குறைவான சந்தில் குடும்பத்தோடு போய்விடும் என்பதை ரிலேக்களைத் திறந்து பார்த்த எவரும் சொல்வார்கள். சுவிட்ச்போர்டுக்குள் குறுக்கே விழுந்து செத்த பல்லியும் நமக்குப் புதிதல்ல. ஆனால் பூச்சி, பூஞ்சை, துரு, வெயில், பனி, உள்ளே வியர்க்கும் ஈரம் ஆகியவை தன் பொறுப்பில் வராது என்று தரநிலை ஆரம்பத்திலேயே கைவிரித்துவிடுகிறது. இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் பெட்டிகள் சாவது பெரும்பாலும் இவற்றால்தான்.

5க்கும் 6க்கும் வரும்போது கம்பியும் உருண்டையும் போய், தூசி வருகிறது. சோதனைத் தூசி என்பது டால்கம் பவுடர். முகத்துக்குப் பூசுகிற அதே கனிமம், வாசனை மட்டும் கிடையாது. 75 மைக்ரான் இடைவெளியுள்ள சல்லடையில் சலித்ததை, ஒரு கன மீட்டர் அறைக்கு 2 கிலோ வீதம் போட்டுக் காற்றால் கலக்குவார்கள். ஒரே பவுடரை இருபது சோதனைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. அந்த வெண்புகைக்குள் பெட்டி மணிக்கணக்கில் இருக்கும், அதிகபட்சம் 8 மணி நேரம். உள்ளே கொஞ்சம் தூசி போனாலும் இயக்கமும் பாதுகாப்பும் கெடாவிட்டால் 5. திறந்து பார்க்கும்போது துளித்தூசியும் இல்லாவிட்டால் 6.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டுரையின் மிச்சம் முழுவதும் அதைச் சுற்றித்தான். 6 வேண்டும் என்று கேட்கும் பெட்டியைத் தூசி அறைக்குள் சும்மா விட்டுவிட மாட்டார்கள். பெட்டியின் சுவரில் ஒரு குழாயைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சுவார்கள். வெளிக்காற்றைவிட உள்ளே 20 மில்லிபார் வரை அழுத்தம் குறையலாம். கன அளவைப் போல் 80 மடங்கு காற்று வெளியேறும்வரை இது நடக்கும். ஏன் இந்தக் கொடுமை? நிஜ வாழ்க்கையில் பெட்டிகள் மூச்சு விடுகின்றன. மோட்டார் ஓடிச் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது. நிறுத்தியதும் ஆறி, சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. தூசியும் கூடவே வருகிறது. நூற்பாலையில் பஞ்சுத் தூசி கேஸ்கெட் ஓரமாகக் கோடு போட்டாற்போல் படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூச்சின் பாதை தெரியும். தரநிலை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆகவே தூசித் தேர்வில் மூச்சையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

தண்ணீர்த் தேர்வுக்கு வருவோம். ஒன்றாம் எண்ணுக்கு, மேலிருந்து நிமிடத்துக்கு 1 மி.மீ. வீதம் செங்குத்தாகச் சொட்டும் தண்ணீரில் 10 நிமிடம். மிக மென்மையாகத் தோன்றும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, சென்னையை மூழ்கடித்த மழை. அதன் சராசரியைப் போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 0.34 மி.மீ.தான் வருகிறது. ஆகக் கடைசிப் பெஞ்சுத் தேர்வின் வேகமே அந்த நாளின் சராசரியைப்போல் மூன்று மடங்கு. மழையின் கொடுமை வேகத்தில் அவ்வளவாக இல்லை. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. 2க்குப் பெட்டியை 15 டிகிரி சாய்ப்பார்கள். 3க்குச் செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை தெளிப்பார்கள். புயல் நாளில் கிடைமட்டமாக அடிக்கும் சாரலுக்கு அது போதாது. எல்லாத் திசையிலிருந்தும் தெறிப்பதைத் தாங்கும் 4 வேண்டும். குளியலறையில் ஷவருக்குப் பக்கத்தில் வரும் சாதனத்துக்கு சர்வதேச விதிகள் கேட்பது குறைந்தபட்சம் இந்த 4ஐத்தான்.

5க்கும் 6க்கும் ஹோஸ் பைப். 5க்கு 6.3 மி.மீ. வாயில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர். 6க்கு 12.5 மி.மீ. வாயில் 100 லிட்டர். கணக்குப் போட்டால் இரண்டாவதன் வேகம் நொடிக்கு 13 மீட்டருக்கு மேல் வருகிறது. பெரிய மழைத்துளி தரையைத் தொடும் வேகம் நொடிக்கு 9 மீட்டர் அளவுதான்.

7 என்பது முக்கி எடுப்பது, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 6 வரை ஏணி ஒழுங்காக ஏறுகிறது; 4 வாங்கியது 3ஐயும் தாங்கும். 7இல் ஏணி உடைந்து வேறு சுவரில் சாய்கிறது. முக்கியபோது தப்பித்த பெட்டி பீய்ச்சும்போது தப்பிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கொடுக்கும் அதிகப்படி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக. மூடியை அது கேஸ்கெட்டின் மேல் இன்னும் இறுக்கி அமுக்கவே செய்கிறது. 6ஆம் எண் பீச்சோ ஓரிடத்தில் மோதுகிறது. குழாய் வாயருகே அது நிறுத்தப்படும் இடத்தில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை நெருங்குகிறது, முக்குவதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. மூடியின் உதட்டை ஒரு பக்கமாக நெம்பித் தூக்க அது போதும். இரண்டையும் தாங்கும் பெட்டியில் ஐபி 66/67 என்று இரண்டு எண்களும் அச்சிட்டிருக்க வேண்டும். 67 மட்டும் இருந்தால், பீச்சுத் தேர்வை அது எழுதவில்லை என்று எடுத்துக்கொள்வதே விவேகம். 67 பெரிய எண், 66 சின்ன எண் என்று நினைத்து வாங்கி, வாட்டர் சர்வீஸ் கடையின் சுவரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

8க்கு நிலையான ஆழம் கிடையாது. 7ஐவிடக் கடுமையாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரும் வாங்குகிறவரும் பேசி முடிவு செய்யலாம். செல்போனில் நம்மோடு யாரும் பேசுவதில்லை. அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சாம்சங் கேலக்சி எஸ்7இல் ஐபி 68 என்றால் 1.5 மீட்டர், 30 நிமிடம். ஐபோன் 12இல் அதே ஐபி 68 என்றால் 6 மீட்டர், 30 நிமிடம். எண் ஒன்று, ஆழம் நான்கு மடங்கு.

9 பிறந்த இடம் ஜெர்மனி. லாரி, சிமெண்ட் கலவை வண்டி போன்றவற்றை நீராவியும் சுடுநீரும் பீய்ச்சிக் கழுவுவதற்காக அங்கே வாகனத் தரநிலையில் 69கே என்று ஒன்று இருந்தது. 2013இல் சர்வதேசத் தரநிலையும் 9 என்று அதைச் சேர்த்துக்கொண்டது. 80 டிகிரி செல்சியஸ் சுடுநீர், 80 முதல் 100 பார் அழுத்தம், மிக நெருக்கத்திலிருந்து. மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவித் தள்ளுகிறார்களே, அங்கே இதற்கு அர்த்தம் உண்டு. வீட்டுத் தோட்டத்து விளக்குக்கு இதை வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

இந்தத் தேர்வுகள் எல்லாமே நல்ல தண்ணீரில் நடக்கின்றன. உப்பு கிடையாது, குளோரின் கிடையாது, சோப்பு கிடையாது. பெட்டியும் புதியது, வெயிலில் வெந்து கேஸ்கெட் தட்டையாகிப் போன மூன்று வருடப் பெட்டி இல்லை. இந்த வித்தியாசத்துக்கு விலை வைத்த வழக்கு ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. கடலிலும் நீச்சல் குளத்திலும் போனைப் பயன்படுத்துவதுபோல் 2016 முதல் 2018 வரை வந்த விளம்பரங்களுக்காக, 2022 ஜூனில் அந்த நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் சாம்சங்கின் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரத்தோடு சார்ஜ் போட்டால் சார்ஜ் செருகும் துளை அரித்துப்போகும் என்பதுதான் சிக்கல். அதற்கு முன்பே, 2020 நவம்பரில், இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டிருந்தது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டு, தண்ணீரால் கெட்டால் வாரண்டி இல்லை என்று சீட்டில் சொல்வது எப்படி என்று அங்கே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் கையில் இருக்கும் வாரண்டி சீட்டையும் அதே கண்ணோடு ஒருமுறை படிக்கலாம்.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குறுகிய சந்தில் தண்ணீர் நுழையாமல் நிற்பதற்குப் பெரும் காரணம் அதன் பரப்பு இழுவிசை. சோப்பு அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். வெறுந்தண்ணீரில் அரை மணி நேரம் தப்பித்த கடிகாரம், சோப்பு நுரையோடு குளிக்கப்போனால் ஈரம் வாங்குவதில் ஆச்சரியமில்லை.

இனி மூச்சு. மே மாதத்து மொட்டைமாடியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, கேமராவுக்கோ சோலாருக்கோ போடும் ஜங்ஷன் பாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். காலை முதல் வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி, மதியம் 60 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. சூடு மெதுவாக ஏறுவதால், விரியும் காற்றுக்குக் கேஸ்கெட்டின் நுண்சந்துகள் வழியே கசிந்து வெளியேற நேரம் கிடைக்கிறது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமம். மூன்று மணிக்கு இடி இடித்துக் கோடைமழை கொட்டுகிறது. பெட்டி சில நிமிடங்களில் 27 டிகிரிக்கு இறங்குகிறது. மூடிய காற்றின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளிப் பாடம். கெல்வினில் 333இலிருந்து 300க்கு இறங்கினால், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு சரியும். ஏறக்குறைய 100 மில்லிபார்.

1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதே 100 மில்லிபார்தான்.

ஆக, ஐபி 67 தேர்வில் பெட்டியை முக்குகிற அதே அழுத்தத்தோடு, ஐபி 65 பெட்டி ஒன்று மாடியில் உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீரை உறிஞ்சுகிறது. தூசித் தேர்வில் பம்ப் இழுத்த 20 மில்லிபாரைப்போல் இது ஐந்து மடங்கு. கேஸ்கெட்டின் விளிம்பைச் சுற்றி மழைநீர் தயாராக நிற்கிறது. 10 லிட்டர் பெட்டியாக இருந்தால், குறைந்துபோன காற்றின் இடம் 1 லிட்டர். அந்த இடத்தைக் காற்று வந்து நிரப்பியிருந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 24 மில்லிகிராம் நீராவிதான். முழுவதும் படிந்தாலும் அரைச் சொட்டு. அதே இடத்தைத் தண்ணீரே நிரப்பினால் கணக்குப்படி ஒரு லிட்டர் வரை போகலாம். நடைமுறையில் காற்றும் கலந்தே நுழைவதால் அவ்வளவு போகாது. ஆனால் சில ஸ்பூன் தண்ணீர் போதுமே, ஒரு சர்க்யூட் போர்டுக்கு.

இது தரநிலைக்குத் தெரியாத செய்தி இல்லை. தண்ணீர்த் தேர்வில் தண்ணீரும் பெட்டியும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்கிறது விதி. பெட்டியைவிடத் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால், உள்ளே அழுத்தம் குறையாதபடி சமன் செய்ய வழி செய்து கொடுக்க வேண்டும். அதாவது தூசித் தேர்வில் மூச்சை வலிய வரவழைக்கிறார்கள், தண்ணீர்த் தேர்வில் மூச்சு வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. உலகின் எல்லாச் சோதனைக் கூடங்களிலும் ஒரே முடிவு வர வேண்டுமானால் ஒரு மாறியைக் கட்டிப்போட வேண்டும். ஆனால் அப்படிக் கட்டிப்போட்ட மாறியின் பெயர்தான் நம் ஊர்ப் பருவநிலை. 33 டிகிரி வித்தியாசத்தில் குளிரக் குளிர நனையும் மாடிப் பெட்டிக்கு அந்த எண்ணில் விடை எழுதியிருக்காது.

மழையே வராத நாளிலும் மூச்சு நிற்பதில்லை. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள கடற்கரைக் காற்று 26 டிகிரிக்கு இறங்கினாலே வியர்க்கத் தொடங்கும். இரவில் அது சாதாரணம். பகலில் வெளியே போகும் காற்று, இரவில் திரும்பும்போது அரைச் சொட்டு ஈரத்தோடு திரும்புகிறது. அது உள்சுவரில் படிந்து, ஒழுகி, அடியில் தங்குகிறது. கேஸ்கெட் நன்றாக இருக்க இருக்க, நுழைந்த ஈரம் வெளியேறுவதும் கடினமாகிறது. ‘அறுபத்தஞ்சு பாக்ஸ்தான் சார் போட்டேன், எப்படி உள்ள தண்ணி வந்துச்சுன்னு தெரியல’ என்று எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிவதில் பொய் இல்லை. அந்தத் தண்ணீர் தண்ணீராக வரவில்லை.

மூச்சை நிறுத்த முடியாது என்று ஏற்றுக்கொண்ட பழைய தீர்வு ஒன்று நம் தெருமுனையிலேயே தொங்குகிறது. மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் நீல நிற மணிகள் நிறைந்த சிறு கண்ணாடிக் குடுவையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயரே பிரீதர். எண்ணெய் சூடாகி விரிந்து ஆறும்போது டிரான்ஸ்ஃபார்மர் விடும் மூச்சு அந்த சிலிக்கா ஜெல் வழியாகத்தான் போய் வருகிறது. நீலம் கோபால்ட் குளோரைடு தரும் நிறம். ஈரம் குடித்ததும் ரோஜா நிறமாகும். உங்கள் தெரு பிரீதர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பது செலவில்லாத ஆய்வு.

புதிய தீர்வு டெஃப்லானிலிருந்து வந்தது. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் கம்பியை மெதுவாக நீட்டி நீட்டிப் பார்த்து, அது அறுந்துகொண்டே இருந்ததில் எரிச்சலாகி வெடுக்கென்று இழுத்தார். அறுவதற்குப் பதில் அது பல மடங்கு நீண்டு, உள்ளே நுண்துளைகளாக நிறைந்தது. மழைக்கோட்டுத் துணியாகப் பிரபலமான அதே சவ்வு, இன்று மின்பெட்டிகளின் மூக்காக இருக்கிறது. டெஃப்லானைத் தண்ணீர் நனைக்காது. ஆகவே துளைக்குள் புகவேண்டுமானால் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஒரு மைக்ரான் அகலத் துளைக்குள் தண்ணீரைத் தள்ளக் கணக்குப்படி ஒரு வளிமண்டல அழுத்தம் அளவுக்கு, அதாவது 10 மீட்டர் ஆழத்து நீருக்குச் சமமான அழுத்தம் வேண்டும். காற்றுக்கும் நீராவிக்கும் அந்தத் துளை அகன்ற வாசல். பட்டன் அளவுள்ள இந்த மூக்கு ஒன்றைப் பெட்டியில் பொருத்தினால், கோடைமழை கொட்டும்போது பெட்டி கேஸ்கெட் வழியே தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் மூக்கு வழியே காற்றை இழுத்துக்கொள்ளும். கார் முகப்பு விளக்குகளில் இது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் புகாத பெட்டிக்கு ஓட்டை போட்டுத்தான் தண்ணீரைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வழக்கமோ இதற்கு நேர் எதிர். ஈரம் வந்ததா, சிலிக்கான் குழாயை எடுத்துச் சுற்றிலும் பூசு. பூசிய பெட்டி இன்னும் மூச்சு விடத்தான் செய்யும், வழியை மட்டும் மாற்றிக்கொள்ளும். பல இழைகள் முறுக்கிய ஒயரின் உள்ளே இழைகளுக்கு இடையில் காற்று போகும் சந்து இருக்கிறது. கேபிளின் மறுமுனை மழையில் திறந்து கிடந்தால், பெட்டி அந்தக் கேபிளையே ஸ்ட்ராவாக வைத்து உறிஞ்சும். அதற்கும் மேலான பாவங்கள் உண்டு. கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்ட் ஒரு கேபிளுக்கானது என்றால் அதில் இரண்டைத் திணிப்பது, உருண்டைக் கேபிளுக்கான கிளாண்டில் தட்டைக் கேபிளைச் செருகுவது, மேல்பக்கம் துளைபோட்டுக் கேபிளை இறக்குவது. தொழிற்சாலையில் 66 வாங்கிய பெட்டி, சுவரில் ஏறும் நிமிடத்தில் எவ்வளவு என்று எந்த ஸ்டிக்கரும் சொல்லாது. கேபிள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். உபயோகிக்காத துளைக்கு அடைப்பான் போட வேண்டும். திறந்த வெளியில் என்றால் மேலே ஒரு தகரக் கூரை; வெயிலையும் மழையையும் சேர்த்துத் தடுக்கும் அதற்கு எந்த ஐபி எண்ணும் கிடையாது. என் கணிப்பில் அந்தத் தகரம் இரண்டு எண் உயர்வுக்குச் சமம்.

இத்தனை பாடும் படாமல் தப்பித்த சாதனம் ஒன்று கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் லட்சக்கணக்கில் உருவாகிறது. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டார். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், மேலே நிற்கும் நீரின் பல வளிமண்டல அழுத்தத்தைச் சுமந்தபடி வருடக்கணக்கில் சுற்ற வேண்டும். சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் அவ்வளவு அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் சீலை மலிவாகச் செய்வது பெரும்பாடு. நம் விவசாயிகள் பெரும்பாலும் வாங்கும் வகை அந்தச் சண்டைக்கே போகவில்லை. மோட்டாருக்குள்ளேயே தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். செப்புக் கம்பிக்கு எனாமல் பூச்சு மட்டும் போதாது என்று பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக நனையாமல் காத்தார்கள். காவல் பெட்டியின் சுவரிலிருந்து கம்பியின் தோலுக்கு இடம் மாறிவிட்டது. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். பேரிங்குக்கு உயவும் அந்தத் தண்ணீர்தான், சூட்டை வெளியே கடத்துவதும் அதுதான். தண்டின் தலைப்பில் இருக்கும் சீலின் முக்கிய வேலை இப்போது மணலைத் தடுப்பது.

இந்த மோட்டாரும் மூச்சு விடும். ஓடும்போது உள்ளே தண்ணீர் சூடாகி விரியும், நின்றதும் சுருங்கும். அதற்காக அடியில் ஒரு ரப்பர் டயஃப்ரம் வைத்திருக்கிறார்கள்; அது புடைத்தும் தணிந்தும் இடம் கொடுக்கிறது. போருக்குள் இறக்குவதற்கு முன் மெக்கானிக் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றி, அப்படி இப்படி ஆட்டி, மறுபடி ஊற்றி மூடுவார். உள்ளே காற்று தங்கினால் மேல் பேரிங் காய்ந்துபோகும் என்பதால் இந்த ஆட்டம். தண்ணீர் நிரம்பி வழிந்த பிறகுதான் அடைப்பானைத் திருகுவார்.